கேரவன் டிரெய்லருக்கு வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்: மச்சான் ஒன்று சொல்கிறார், மெக்கானிக் ஒன்று சொல்கிறார்

உப்புக்காற்று (கடலூர்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வண்டி இசுசு வி-கிராஸ். ஒரு கேரவன் டிரெய்லர் செய்யச் சொல்லிக் கொடுத்திருந்தேன், போன வாரம்தான் கைக்கு வந்தது. 16 அடிக் கூடு, ஒரே ஆக்ஸில், முன்னால் 50 மில்லிமீட்டர் பாலுக்கான (வண்டியின் பின்னால் இருக்கும் இரும்பு உருண்டை) கப்ளர், அதாவது அதைக் கவ்வும் பூட்டு, அதோடு சேர்ந்த ஓவர்ரன் பிரேக். காலி எடை 1,100 கிலோ என்று செய்தவர் சொன்னார். உள்ளே இரண்டு படுக்கை, சின்ன அடுப்படி, பின்பக்கம் 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, பின்சுவரை ஒட்டி இன்வெர்ட்டர் பேட்டரி. ஆசை ஆசையாகச் செய்தது, குறை சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் பாண்டியிலிருந்து கடலூருக்கு இழுத்து வந்த முதல் நாளே பயம் காட்டிவிட்டது. தவளக்குப்பம் வரை 50-க்குள்தான் வந்தேன், ஒன்றும் இல்லை. கிருமாம்பாக்கம் தாண்டி ரோடு காலியாக இருக்கவே 75 வரை போனேன், அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வலது பக்கம் உரசுகிற மாதிரி ஏறிப் போனது. அவ்வளவுதான், டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்துவிட்டது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம், நான்கு தடவையாவது இருக்கும். ஸ்டீயரிங் என் கையில் இருந்தாலும் வண்டி என் கையில் இல்லை. பின் சீட்டில் மனைவியும் பையனும். கன்னியக்கோயிலில் ஓரம் கட்டி டீ குடித்துவிட்டு, வீடு வரை 40-லேயே வந்தேன்.

மச்சான் ஹூஸ்டனில் இருக்கிறார், எஃப்-150 பிக்கப்பில் 30 அடி டிரெய்லர் இழுக்கிறவர். வீடியோவைப் பார்த்துவிட்டு, "வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச், அதுதான் டிரெய்லரின் எடையை எல்லாச் சக்கரத்துக்கும் பங்கு பிரிக்கிற இணைப்பு, அது இல்லாமல் யாராவது இழுப்பார்களா? என்னிடம் 1,000 பவுண்டு பார் செட் ஒன்று சும்மா கிடக்கிறது, ஊருக்குத் திரும்புகிற நண்பரின் சாமானோடு அனுப்புகிறேன்" என்கிறார். மஞ்சக்குப்பத்தில் என் மெக்கானிக், அதெல்லாம் வேண்டாம் சார், பின்னால் ஒரு ஸ்பிரிங் பட்டை சேர்த்துப் போட்டால் வண்டி ஆடாது என்கிறார். இன்னொருவர், அந்த ஹிட்சையே இங்கே லேத்தில் அடித்துத் தருகிறேன் என்கிறார்.

நான் எதை வாங்குவது? 1,000 பவுண்டு செட் எனக்குச் சரிவருமா? டிரெய்லரை மாட்டினால் வண்டியின் பின்பக்கம் அவ்வளவாகத் தாழவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது நல்லதா கெட்டதா தெரியவில்லை.

கரும்பு லோடு (நெல்லிக்குப்பம்)

தம்பி, கடைசி வரியில் சொல்லியிருக்கிறாயே, அதிலேயே பாதி பதில் இருக்கிறது.

எனக்கு அமெரிக்க ஹிட்ச் தெரியாது. மாட்டு வண்டி தெரியும், டிராக்டர் தெரியும். இருபது வருஷம் ஆலைக்குக் கரும்பு ஏற்றியவன். மாட்டு வண்டியில் பாரம் ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் என்று பார்ப்போம். அச்சுக்கு முன்னால் அதிகமாக ஏற்றினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், மாடு தலையைத் தொங்கப் போட்டு நடக்கும். பின்னால் அதிகமாகிவிட்டால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும், மாடு மிரளும். அதனால் கொஞ்சம் முன்பாரமாகவே வைத்து ஓட்டுவோம். நிறைய இல்லை, கொஞ்சம். வண்டியை அவிழ்த்து நிறுத்தும்போது நுகத்தடியை ஒரு ஆள் தூக்கிப் பார்ப்பான், அந்தக் கை கணக்குதான் எங்களுக்கு எடை மேடை.

உன் டிரெய்லரும் இரண்டு சக்கர மாட்டு வண்டிதான், மாட்டுக்குப் பதில் வி-கிராஸ். மாட்டினால் பின்பக்கம் தாழவே இல்லை என்றால் முன்பாரம் இல்லை என்று அர்த்தம். தொட்டியும் பின்னால், பேட்டரியும் பின்னால். பின்பாரமான வண்டி ஓட ஓட வாலாட்டும். கரும்பு டிப்பரில் பின் பலகை வரை அடுக்கிவிட்டு முன்னால் இடம் விட்டவன் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

எதையும் வாங்காதே. முதலில் நிறுத்துப் பார்.

வில்லியனூர் லேத்

லேத்தில் அடித்துத் தருகிறேன் என்று சொன்னவர் என் தொழில்காரர்தான், இருந்தாலும் சொல்கிறேன், கொடுக்காதீர்கள்.

இந்த ஹிட்சில் பளு தாங்குவது இரண்டு ஸ்பிரிங் பார்கள். அவை பதம் ஏற்றிய ஸ்பிரிங் ஸ்டீல். நம் ஆட்கள் பழைய லாரிப் பட்டையை வெட்டி, நுனியில் ஒரு கொக்கியை வெல்டிங் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஸ்பிரிங் ஸ்டீலில் வெல்டிங் பட்ட இடம் சட்டென்று முறியக்கூடிய இடம். பார்க்க நன்றாகவே இருக்கும், ஒரு வேகத்தடையில் எகிறி இறங்கும்போது போகும். வண்டியின் சேஸில் போல்ட் போடுகிற ரிசீவரை, அதாவது ஹிட்சைச் செருகும் குழாயை வேண்டுமானால் கணக்குத் தெரிந்தவர் செய்யலாம், பாரையும் தலையையும் செய்யக் கூடாது.

பட்டை சேர்ப்பது பற்றி: பட்டை பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டும், அவ்வளவுதான். முன் சக்கரத்திலிருந்து போன எடை போனதுதான், திரும்ப வராது. பார்க்க மட்டமாக நிற்பதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம், அதுதான் வினை. அதோடு, டிரெய்லர் இல்லாத நாட்களில் உங்கள் முதுகு பேசும்.

இன்னொன்று. மச்சான் அனுப்பும் செட்டில் பால் என்ன அளவு என்று கேளுங்கள். உங்கள் கப்ளர் 50 மில்லிமீட்டர். அமெரிக்க பால் 2 அங்குலம் என்றால் 50.8 மில்லிமீட்டர், கனமான டிரெய்லருக்கு 2 5/16 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 58.7. 0.8 மில்லிமீட்டர்தானே என்று சுத்தியலால் தட்டி உட்கார வைத்த ஆளை எனக்குத் தெரியும், பூட்டு முழுதாக விழாது. பால் வேறு, கப்ளர் வேறு என்று இருக்கவே கூடாது.

பாண்டி டு மெல்பர்ன்

நான் முதலியார்பேட்டைக்காரன், பதினோரு வருஷமாக மெல்பர்னில் இருக்கிறேன், கேரவன் இழுப்பது இங்கே வாராவாரம் நடக்கிற சங்கதி. பெரியவர் சொன்னதே சரி, ஆனாலும் நீங்கள் ஹிட்ச் பற்றிக் கேட்டதால் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைச் சொல்லிவிடுகிறேன், நிறைய பேர் இதை வாலாட்டத்துக்கு மருந்து என்று நினைத்துத்தான் வாங்குகிறார்கள்.

உங்கள் வண்டியின் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே சுமார் 3.1 மீட்டர். பின் ஆக்ஸிலிலிருந்து பால் சுமார் 1.3 மீட்டர் பின்னால் இருக்கிறது என்று வைப்போம். பாலின் மேல் 180 கிலோ முன்பாரம் உட்கார்ந்தால் என்ன ஆகும்? பின் ஆக்ஸில்தான் தாங்குகோல், சீசா மாதிரி முன்பக்கம் எழும்பும். 180-ஐ 1.3-ஆல் பெருக்கி 3.1-ஆல் வகுத்தால் 75. அதாவது முன் சக்கரங்கள் 75 கிலோவை இழக்கின்றன, பின் ஆக்ஸில் 180 இல்லை, 255 கிலோவைச் சுமக்கிறது. ஸ்டீயரிங் இலேசாகிறது, பிரேக்கில் பெரும் பங்கு செய்யும் முன் டயர் பிடிப்பை இழக்கிறது, ராத்திரியில் ஹெட்லைட் தென்னை மரத்தின் உச்சிக்கு அடிக்கிறது.

வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் செய்வது, பாலுக்கு அடியில் இருந்து பின்னோக்கிப் போகும் இரண்டு பார்களை டிரெய்லரின் முன் சட்டத்தோடு சங்கிலியிலோ பிராக்கெட்டிலோ இழுத்துப் பிடித்து, பின்னால் அமுங்கிய வண்டியை முன்னால் அமுக்குவது. தள்ளுவண்டியின் கைப்பிடியைத் தூக்கினால் அதன் முன் சக்கரம் அழுந்துகிறதே, அதே வேலை. மேலே சொன்ன கணக்கில், ஆக்ஸிலிலிருந்து பால் 4 மீட்டர் இருக்கிற டிரெய்லரில், முன் சக்கரம் இழந்த 75-ஐ முழுக்கத் திருப்பிவிட்டால் பின் ஆக்ஸிலின் கூடுதல் 255-லிருந்து 136 ஆகும், டிரெய்லரின் ஆக்ஸிலுக்கு 44 போகும். 136-ஐயும் 44-ஐயும் கூட்டிப் பாருங்கள், அதே 180. எடை எங்கும் மறையவில்லை, பங்கு பிரிந்தது, அவ்வளவே. முன்னால் முழுக்கத் திருப்ப வேண்டும் என்றும் இல்லை, சில அமெரிக்க வண்டிகளின் கையேட்டில் இழந்ததில் பாதியைத் திருப்பினால் போதும் என்றே இருக்கும். இழந்ததற்கு மேலே போகவே கூடாது. முன்னால் ஓவராக அமுக்கினால் பின் டயர் பிடிப்பை இழந்து, வளைவில் வண்டியின் பின்பக்கம் வெளியே போகப் பார்க்கும்.

இப்போது மச்சானின் 1,000 பவுண்டு செட். அந்த எண் டிரெய்லரின் மொத்த எடை இல்லை, பாலின் மேல் விழும் முன்பாரம், சுமார் 454 கிலோ. அவருடைய 30 அடி டிரெய்லர் 3,400 கிலோ என்று வைத்தால், அமெரிக்கக் கணக்கில் அதில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரம், 340-லிருந்து 510 வரை. அவருக்கு அது சரியான ஜோடியாக இருக்கலாம். அங்கே பல பிக்கப்களின் ரிசீவரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே இரண்டு எண்கள் இருக்கும், வெறும் பாலோடு இவ்வளவு, இந்த ஹிட்சோடு இவ்வளவு என்று. வெறும் பாலுக்கு 5,000 பவுண்டு, அதாவது 2,268 கிலோ, அதற்கு மேல் இந்த ஹிட்ச் கட்டாயம் என்பது அங்கே அடிக்கடி பார்க்கிற எண். அதனால் மச்சானைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவர் ஊர் டிரெய்லருக்கு அவர் பேசுகிறார்.

பாரைத் தேர்ந்தெடுக்கும் முறை இதுதான்: பயணத்துக்குப் போகிற மாதிரி தண்ணீர், சிலிண்டர், அரிசி, பருப்பு எல்லாம் ஏற்றிய பிறகு முன்பாரத்தை அளக்க வேண்டும். அதோடு வண்டியில் பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் வைக்கிற சாமானையும் கூட்ட வேண்டும், அதுவும் சீசாவின் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறது. 180 முன்பாரம், 60 சாமான் என்றால் 240. அதற்கு 600 பவுண்டு பார், 272 கிலோ, சரி. 400 பவுண்டு பார் வளைந்து போகும், தூக்காது. 1,000 பவுண்டு பாரைப் போட்டால் அது வளையவே வளையாது, வளையாத பார் ஸ்பிரிங் இல்லை, வெறும் இரும்புக் கட்டை, ஒவ்வொரு குழியும் நேரே உங்கள் சேஸுக்கும் டிரெய்லரின் முன் சட்டத்துக்கும் போகும். பெரிதாக வாங்கினால் பத்திரம் என்ற நம் ஊர் புத்தி இந்த ஒரு சாமானில் எடுபடாது. ஹிட்சே முப்பது, நாற்பது கிலோ இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள், அதுவும் ரிசீவரில்தான் தொங்கப் போகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுடையது ஓவர்ரன் பிரேக். வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளி, கப்ளருக்குப் பின்னால் உள்ள தண்டு உள்ளே நகர்ந்து, அதுதான் பிரேக்கை இழுக்கிறது. பார்கள் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் அந்தத் தண்டு சரியாக நகராது, பிரேக் அரைகுறையாகப் பிடிக்கும். இதோடு ஒத்துப்போகும் மாடல்கள் இருக்கின்றன, ஆனால் இருந்தால் தயாரிப்பாளரே எழுதியிருப்பார், எழுதவில்லை என்றால் கூடாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கப்ளரில் ஒரு தகடு இருக்கும், அதில் எஸ் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் கிலோவில் ஒரு எண். அதுதான் அந்தக் கப்ளர் தாங்கும் அதிகபட்ச முன்பாரம். அதைப் படித்துச் சொல்லுங்கள்.

ஐரோப்பாவில் உங்களுடையதைப் போன்ற டிரெய்லருக்கு இந்த ஹிட்சைப் போடும் வழக்கமே கிடையாது. அங்கே முன்பாரம் 5 முதல் 7 சதவீதம்தான், வேகமும் குறைவு, வாலாட்டத்துக்கு ஆல்கோ ஏகேஎஸ் மாதிரி பாலை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் ஸ்டெபிலைசர் கப்ளர் போடுவார்கள். இங்கே ஆஸ்திரேலியாவில் நாங்கள் இரண்டுக்கும் நடுவில், 10 சதவீதம் பக்கம் வைத்துக்கொள்கிறோம், கனமான கேரவனுக்கு ஹேமன் ரீஸ் மாதிரி பார்கள் போடுகிறோம், மண் ரோட்டில் மேடு பள்ளம் பெரிதாக இருந்தால் கழற்றிவிடுகிறோம். கடலூர் ரோட்டின் வேகத்தடைகளை நினைத்தால் எனக்கு அந்தக் கழற்றுவதுதான் ஞாபகம் வருகிறது.

சரி, எடை மேடைக்குப் போங்கள். ஐந்து தடவை நிறுக்க வேண்டும். முதலில் டிரெய்லர் இல்லாமல், குடும்பத்தோடு, முன் சக்கரம் மட்டும் மேடையில், பிறகு முழு வண்டி. அப்புறம் டிரெய்லரை மாட்டிக்கொண்டு அதே மாதிரி முன் சக்கரம் மட்டும், வண்டியின் நான்கு சக்கரம், கடைசியில் எல்லாம் சேர்த்து. லாரி மேடை 10 கிலோ படியில்தான் காட்டும், அதனால் முன்பாரத்தைத் தனியாக ஒரு சின்னத் தராசில் அளந்துவிடுங்கள்.

ஏழு சீட்டு (புதுச்சேரி)

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடம் இன்னோவா ஹைகிராஸ், 700 கிலோ சின்ன டிரெய்லர் ஒன்று வாங்கலாமா என்று யோசனை. எனக்கும் இந்த ஹிட்ச் வேண்டுமா?

பாண்டி டு மெல்பர்ன்

ஏழு சீட்டு, பழைய இன்னோவா கிரிஸ்டாவுக்கு அடியில் சேஸ் தனி, ஹைகிராஸில் பாடியே சேஸ், அதுவும் முன் சக்கர இழுவை. முன் சக்கரம் எழும்பினால் உங்களுக்கு ஸ்டீயரிங்கோடு சேர்ந்து இழுவையும் போகும். அதற்காகப் பார் செட்டை மாட்டினால் அந்த முறுக்கு விசை நேரே பாடியின் தகட்டுக்குப் போகும், இப்படிப்பட்ட வண்டிகள் சிலவற்றில் தயாரிப்பாளரே இதைக் கூடாது என்கிறார். கையேட்டைப் பார்க்காமல் ஒரு ஓட்டைகூடப் போடாதீர்கள். டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும் என்பதும் தெரியுமல்லவா? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லர் என்பது தனி வாகனம்தான்.

உப்புக்காற்று

இரண்டு நாளாக இதே வேலை. முதுநகர் பக்கம் ஒரு எடை மேடை, நெல் லாரிக்கு நடுவில் கேரவனோடு போய் நின்றதும் மேடைக்காரர் வெளியே வந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, உள்ளே கக்கூஸ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் சீட்டுப் போட்டார்.

டிரெய்லர் இல்லாமல் முன் ஆக்ஸில் 1,180, மொத்தம் 2,210. மாட்டிய பிறகு முன் ஆக்ஸில் 1,150, வண்டியின் நான்கு சக்கரமும் சேர்ந்து 2,280. எல்லாம் சேர்த்து 3,590. ஆக டிரெய்லர் 1,380 கிலோ. 1,100 என்று சொன்னவர் தண்ணீர், பேட்டரி, கட்டில், மெத்தை எதையும் கணக்கில் சேர்க்கவில்லை போலிருக்கிறது.

முன்பாரத்துக்கு, பண்ருட்டியில் முந்திரி மண்டி வைத்திருக்கும் நண்பரிடம் 300 கிலோ பிளாட்ஃபார்ம் தராசு ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். முதலில் ஜாக்கி சக்கரத்தை (கழற்றி நிறுத்தும்போது டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் சின்னச் சக்கரம்) தராசில் ஏற்றினேன், 83 காட்டியது. பிறகுதான் உறைத்தது, ஜாக்கி சக்கரம் பாலுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கிறது, அங்கே அளந்தால் கூடத்தான் காட்டும். ஒரு மரக்கட்டையை அளவாக அறுத்து, கப்ளருக்கு நேர் அடியில் நிறுத்தி, டிரெய்லர் மட்டமாக நிற்கும்போது பார்த்தேன். 75 கிலோ. தண்ணீரை முழுக்கத் திறந்துவிட்டுப் பார்த்தால் 112. கப்ளர் தகட்டில் எஸ் 150 என்று இருக்கிறது.

கிருமாம்பாக்கத்தில் வாலாட்டிய அன்று தொட்டி நிறைந்திருந்தது. வாங்கிய உற்சாகத்தில் நானேதான் நிரப்பினேன்.

கரும்பு லோடு

1,380-க்கு 75. நூற்றுக்கு ஐந்தரைகூட இல்லை. நாங்கள் இப்படி ஏற்றினால் மாடே வண்டியை விட்டு நகர்ந்து நின்றுகொள்ளும்.

பாண்டி டு மெல்பர்ன்

அருமையாக அளந்திருக்கிறீர்கள். தொட்டியின் நடு ஆக்ஸிலுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் இருக்க வேண்டும், சரியா? 100 கிலோவை 1.5-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 37.5, உங்கள் தராசு காட்டிய வித்தியாசம் 37. கணக்கும் தராசும் ஒத்துப்போகிறது.

இங்கே நன்றாகக் கவனியுங்கள். 75 கிலோ முன்பாரத்தில் உங்கள் முன் ஆக்ஸில் இழந்தது 30 கிலோ. 1,180-ல் 30 என்பது ஒன்றுமே இல்லை. இதைத் திருப்புவதற்கு எந்தப் பார் செட்டும் தேவையில்லை. உங்கள் வியாதி அதற்கு நேர் எதிரானது, முன்பாரம் போதவில்லை. இதில் பார்களை மாட்டியிருந்தால் இருக்கிற கொஞ்சம் எடையும் பின் சக்கரத்திலிருந்து பங்கு பிரிந்திருக்கும், பாரின் உராய்வால் ஆட்டம் சற்று மட்டுப்பட்டு, சரியாகிவிட்டது என்று நினைத்து நீங்கள் 90-இல் போயிருப்பீர்கள்.

ஐரோப்பாக்காரன் 5 சதவீதத்தில் ஓட்டுகிறானே என்று கேட்கலாம். அவன் கனமான சாமானை எல்லாம் ஆக்ஸிலை ஒட்டி வைக்கிறான், ஸ்டெபிலைசர் போட்டிருக்கிறான். உங்களுடையதில் பாரம் பின்சுவரில் உட்கார்ந்திருக்கிறது. உலக்கையின் நடுவில் கட்டிய கல்லுக்கும் நுனியில் கட்டிய கல்லுக்கும் உள்ள வித்தியாசம், நுனிக் கல் ஆட ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம்.

பேட்டரி எத்தனை கிலோ, எங்கே இருக்கிறது?

உப்புக்காற்று

டியூபுலர் பேட்டரி, தராசு கையில் இருக்கும்போதே நிறுத்துவிட்டேன், 60 கிலோ. ஆக்ஸிலுக்குச் சரியாக 2 மீட்டர் பின்னால். சாப்பாட்டு மேசை சீட்டுக்கு அடியில் இடம் இருக்கிறது, அது ஆக்ஸிலுக்கு அரை மீட்டர் முன்னால். வேண்டுமானால் முன்சுவர் வரைகூடக் கொண்டுபோகலாம், அங்கே கிட்டத்தட்ட 2 மீட்டர் முன்னால் கிடைக்கும்.

பாண்டி டு மெல்பர்ன்

முன்சுவர் வரை போகாதீர்கள். அங்கே வைத்தால் 60 கிலோ 4 மீட்டர் நகர்கிறது, முன்பாரம் 60 கூடும், தொட்டி காலியாக இருக்கும்போது 172 ஆகி கப்ளர் தகட்டின் 150-ஐத் தாண்டிவிடும். சீட்டுக்கு அடியில் என்றால் 2.5 மீட்டர் நகர்வு, 37 சொச்சம் கூடும். தொட்டி நிறைந்தால் 112, காலியாக இருந்தால் 150-இல் வந்து நிற்கும், விளிம்புதான், அதனால் அன்று சிலிண்டரையோ தண்ணீர்க் கேனையோ முன்னால் வைக்காதீர்கள். கனமும் ஆக்ஸில் பக்கத்தில் வந்துவிடுகிறது, அது தனி லாபம். 150-லேயே வைத்தாலும் முன் ஆக்ஸில் 63 கிலோதான் இழக்கும், வி-கிராஸுக்கு அது பெரிய விஷயம் இல்லை.

வில்லியனூர் லேத்

சீட்டுக்கு அடியில் வைப்பதென்றால் வெறும் பெல்ட் போட்டுக் கட்டாதீர்கள். ஆங்கிள் இரும்பில் ஒரு தொட்டில் அடித்து, அடியில் குறுக்குச் சட்டத்தோடு போல்ட் போட வேண்டும். சடன் பிரேக்கில் 60 கிலோ முன்னால் பறந்தால் மேசை, அடுப்பு எல்லாம் போகும். அப்புறம் டியூபுலர் பேட்டரி சார்ஜ் ஏறும்போது வாயு விடும், அதை மூடிய பெட்டியில் வைத்து, குழாய் போட்டு வெளியே விட வேண்டும், அதன் மேலேதான் உங்கள் பையன் உட்கார்ந்து சாப்பிடப் போகிறான்.

உப்புக்காற்று

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், வேலை முடிந்தது. வில்லியனூர்க்காரர் சொன்ன மாதிரியே தொட்டில், மூடி, குழாய். அளந்தேன்: தொட்டி நிறைந்து 113, காலியாக 149.

ஞாயிறு காலை அதே ரோட்டில் பாண்டி வரை போய்த் திரும்பினேன், தனியாக, வீட்டு ஆட்களை ஏற்றாமல். 60, 65, 70. தவளக்குப்பத்துக்கு முன்னால் ஒரு பஸ், அதே பழைய மாதிரி ஒட்டி ஏறிப் போனது. டிரெய்லரை ஒரு தள்ளு தள்ளியது தெரிந்தது, பிறகு தானாக நேரே வந்துவிட்டது, இரண்டாவது ஆட்டம் இல்லை. பெண்ணையாற்றுப் பாலத்தில் பக்கக் காற்று நன்றாகவே அடித்தது, அங்கே 50-க்குக் குறைத்துக்கொண்டேன். இனி 70-க்கு மேல் போவதாக இல்லை.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். ஸ்டெபிலைசர் கப்ளர் பிற்பாடு போடலாமா? அப்புறம் என்றாவது மறுபடி ஆடினால் என்ன செய்வது?

பாண்டி டு மெல்பர்ன்

போடலாம், உங்கள் தண்டுக்குப் பொருந்துகிறதா, பாலின் கழுத்து அதற்குப் போதுமான நீளமா என்று பார்த்து வாங்குங்கள். போட்ட பிறகு பாலில் கிரீஸ் ஒரு துளி இருக்கக் கூடாது, பெயிண்ட்கூட இருக்கக் கூடாது, உராய்வில்தான் அது வேலை செய்கிறது. உங்கள் மெக்கானிக்கிடம் இதைச் சொல்லி வையுங்கள், பழக்கத்தில் தடவிவிடுவார். தேவனாம்பட்டினம் பக்கம் நிறுத்துகிறீர்கள் என்றால் உப்புக்காற்றில் பால் துருப்பிடிக்கும், மூடி போட்டு வைத்து, மாட்டுவதற்கு முன்னால் துடைத்துக்கொள்ளுங்கள்.

ஆடினால்: ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேரே பிடித்துக்கொள்ளுங்கள், ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், பிரேக்கைப் பலமாக மிதிக்காதீர்கள். வேகமெடுத்தால் நேராகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கரும்பு லோடு

மச்சானிடம் என்ன சொன்னாய் தம்பி?

உப்புக்காற்று

இன்னும் சொல்லவில்லை அண்ணே. நண்பரின் சாமான் கிளம்பிவிட்டதாம், ஹிட்ச் செட்டும் அதில் ஏறிவிட்டதாம். நாற்பது கிலோ இரும்பு கப்பலில் வந்துகொண்டிருக்கிறது. மண்டிக்காரர் வேறு தராசைக் கேட்டு இரண்டு தடவை போன் செய்துவிட்டார், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து யோசிக்கிறேன்.